வசாய் ரோடில் இறங்கினால்

காந்திதாம்–திருநெல்வேலி, காந்திதாம்–நாகர்கோவில் வண்டிகளில் ஊருக்குப் போகும் மும்பைத் தமிழர்களுக்கு, நகரத்துக்கு வடக்கே இருக்கும் வசாய் ரோடு என்றால் பெட்டி படுக்கையோடு காத்திருக்கும் ஒரு பிளாட்பாரம். குஜராத்திலிருந்து கொங்கண் பாதைக்கு வரும் வண்டிகள் மும்பை நகருக்குள் நுழைவதில்லை. இங்கிருந்து கிளை பிரிந்து திவா, பன்வேல் வழியாகத் தெற்கே போய்விடும். அதனால் எத்தனையோ பேர் இந்த ஸ்டேஷனை வருஷா வருஷம் மிதித்திருந்தும், மேற்கு வாசலைத் தாண்டி வெளியே போனதில்லை. வசாய்–விரார் என்றால் நெரிசல், மலிவான ஃபிளாட், தண்ணீர் லாரி என்ற அளவில் பேச்சு முடிந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் கதை தலைகீழாக இருந்தது. நூறு வருஷத்துக்கும் மேலாக மும்பைதான் வசாய்க்கு அடங்கிய சின்னத் தீவு. 1534 டிசம்பரில் குஜராத் சுல்தான் பகதூர் ஷா, வடக்கே ஹுமாயூனிடமிருந்து வந்த ஆபத்துக்குப் பயந்து, போர்த்துகீசியர்களின் துணை வேண்டி வசாயையும் அதைச் சார்ந்த சால்செட், மும்பைத் தீவுகளையும் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு போர்த்துகீசியர்களின் வடக்கு மாகாணத்துக்கு வசாய் தலைநகரம். மும்பைத் தீவைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்களில் ஒருவர் கார்சியா ட ஓர்டா என்ற வைத்தியர். 1661-இல் போர்த்துகல் இளவரசி காதரீனுக்கும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கும் நடந்த திருமண ஒப்பந்தத்தில் மும்பை சீதனமாகப் போனது. வசாயை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எது உசத்தி என்று அன்றைக்கு நினைத்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

அந்தக் காலத்து வசாய்க் கோட்டையைப் பார்க்க, முதலில் போகும் வழி. மாட்டுங்கா, சயான், செம்பூர்க்காரர்கள் தாதர் வந்து வெஸ்டர்ன் லைனுக்கு மாறி விரார் ஃபாஸ்ட் பிடிப்பது எளிது. செம்பூரிலிருந்து வருபவர்கள் குர்லாவில் ஒருமுறை மாற வேண்டும். தாராவிப் பக்கம் இருப்பவர்களுக்கு மாஹிம் கிட்டத்தில் இருந்தாலும் அங்கே ஸ்லோ வண்டிதான். அந்தேரி வரை போய் ஃபாஸ்ட்டுக்கு மாறலாம். சர்ச்கேட்டிலிருந்து வசாய் ரோடு சுமார் 52 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். டோம்பிவிலிக்காரர்கள் தாதர் வரை போய் சுற்ற வேண்டியதில்லை. திவா–வசாய் பாதையில் ஓடும் மெமு வண்டி கோபர் மேல்மட்ட ஸ்டேஷனில் நிற்கும். பிவண்டி ரோடு, காமன் ரோடு, ஜூசந்திரா வழியாக நேரே வசாய் ரோடு. நாளொன்றுக்குச் சில வண்டிகளே உண்டு. திரும்பும் வண்டியின் நேரத்தையும் பார்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஒன்றை விட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் ஆகலாம்.

காலையில் வடக்கு நோக்கிப் போகும் வண்டி காலியாகவே இருக்கும். மாலையில் திரும்பும்போதும் கூட்டத்துக்கு எதிர்த்திசை. வேலை நாட்களில் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை தாதரில் விரார் வண்டி ஏறுவதைத்தான் தவிர்க்க வேண்டும். போரிவிலியில் இறங்க வேண்டியவர் விரார் ஃபாஸ்ட்டில் ஏறினால் வாசலில் நிற்பவர்கள் வழிவிட மாட்டார்கள் என்பது லைன் முழுக்கத் தெரிந்த எழுதாத சட்டம். நீண்ட தூரக்காரர்களுக்கு வண்டி குறைவு, பாதிவழி இறங்குபவர்களுக்கு வேறு வண்டி நிறைய என்பதே அதற்கு அவர்கள் சொல்லும் நியாயம். ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் பராமரிப்புக்காகப் பாதையை மூடும் ஜம்போ பிளாக் எந்தப் பகுதியில் என்று முதல்நாளே பார்த்துவிடுங்கள். பிளாக் இருந்தால் ஃபாஸ்ட் வண்டிகளை ஸ்லோ பாதையில் ஓட்டுவார்கள், சில ரத்தாகும்.

கோட்டை ஸ்டேஷனிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். மேற்குப் பக்கம் இறங்கி மாநகராட்சி பஸ்ஸோ, வசாய் காவ் போகும் ஷேர் ஆட்டோவோ பிடிக்கலாம். ஷேர் ஆட்டோ ஊருக்குள்ளேயே நின்றுவிடும். கோட்டை வாசலில் இறங்காமல் கடைசி வரை, கில்லா பந்தர் மீனவர் துறை வரை போய், அங்கிருந்து பின்னோக்கி நடந்து வருவது நல்லது. காரணம் எளிது: நிலவாசல் பக்கமிருந்து தொடங்குபவர்கள் வெயிலில் பாதியிலேயே களைத்து, கடல்வாசலையும் பெரிய தேவாலயத்தையும் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே குடிதண்ணீரும் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது கையில் வேண்டும். வழிகாட்டிப் பலகைகள் மிகக் குறைவு என்பதால் எந்த இடிபாடு எது என்று முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டால்தான் நடையில் ருசி இருக்கும். இல்லாவிட்டால் எல்லாமே கொடி படர்ந்த கல்சுவராகத்தான் தெரியும்.

கடல்வாசலுக்கு அருகே மணிக்கூண்டோடு நிற்பது சூசையப்பர் பேராலயம். முகப்பில் 1601 என்று ஆண்டு பொறித்த கல்வெட்டு ஒன்று உண்டு. அதில் வரும் கோவா பேராயர் அலெய்ஷோ ட மெனேசிஸ் நம் பக்கத்துச் சரித்திரத்துக்கும் தெரிந்தவர். 1599-இல் கேரளத்தில் உதயம்பேரூர் சங்கத்தைக் கூட்டி, சிரியன் கிறிஸ்தவர்களை ரோமாபுரியின் கீழ்க் கொண்டுவர முயன்றவர் இவர்தான். கூண்டின் சுழல்படி குறுகலானது, இருட்டு, படிகள் தேய்ந்தவை. திறந்திருந்தாலும் மழைக்காலத்தில் ஏறுவது புத்திசாலித்தனம் இல்லை.

அங்கிருந்து உள்ளே வந்தால் கோட்டைக்குள் கோட்டையாக ஒரு வட்டமான பழைய அரண். 1530-களில் முதலில் எழுந்தது இதுதான். இன்று நாம் சுற்றிவரும் சுமார் நாலரைக் கிலோமீட்டர் வெளிமதில் அதற்கப்புறம், நூற்றாண்டின் பின்பாதியில் வந்தது. மூலைக்கு மூலை அம்புமுனை போலப் பிதுங்கி நிற்கும் கொத்தளங்களைக் கவனியுங்கள். பீரங்கிக் காலத்துக் கோட்டை என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு கொத்தளத்தில் நின்றால் பக்கத்துக் கொத்தளத்தின் சுவரடி முழுக்கத் தெரியும். சுவரை ஒட்டி ஒளிய எதிரிக்கு இடமே இருக்காது. செஞ்சி, வேலூர்க் கோட்டைகளைப் பார்த்த கண்ணுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

பிரான்சிஸ்கன் சபையாரின் புனித அந்தோனியார் ஆலயத்தில் தரைதான் விசேஷம். காலடியில் கிடப்பவை எல்லாம் பிரபுக்களின் கல்லறைப் பலகைகள். குலச்சின்னமும் போர்த்துகீசிய எழுத்தும் செதுக்கியவை. மாலை நாலு மணிக்கு மேல் வெயில் சாய்வாக விழும்போது எழுத்து துலக்கமாகத் தெரியும். உச்சிவெயிலில் வெறும் கல்தான். இயேசு சபை ஆலயத்தின் முகப்பையும் விட்டுவிடாதீர்கள். கோவா போம் ஜீசஸ் பேராலய முகப்பில் இருக்கும் கருங்கல் இந்த வசாய்ப் பக்கத்திலிருந்து கடல்வழி போனதுதான். கோவாவுக்கு வருஷா வருஷம் போகிறவர்கள் அந்தக் கல்லை ஏற்கனவே பார்த்திருப்பார்கள்.

1739-இல் கோட்டை விழுந்தது. மராட்டிய முதலமைச்சரான பேஷ்வா முதலாம் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா பிப்ரவரியில் முற்றுகையிட்டு, மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்து, மே மாதம் செபஸ்தியார் கொத்தளத்தின் பக்கம் உடைத்துக்கொண்டு ஏறினார். மே 16-ஆம் தேதி சரணாகதி. போர்த்துகீசியர்கள் ஆயுத மரியாதையோடு வெளியேற அனுமதி கிடைத்தது. தேவாலய மணிகள் மராட்டியப் படையோடு போய்க் கோவில்களில் ஏறின. நாசிக் பஞ்சவடியில் கோதாவரிக் கரை நாரோசங்கர் கோவில் மணி அப்படிப்பட்டது. ஜோதிர்லிங்க யாத்திரையில் பீமாசங்கர் போகிறவர்கள் அங்கே சனீஸ்வரர் சந்நிதி முன்னால் தொங்கும் பெரிய மணியை அண்ணாந்து பார்த்தால் சிலுவை தெரியும். யாத்திரை நடத்துபவர்கள் அதைச் சொல்வதே இல்லை என்பது என் குறை.

முற்றுகை நடந்தபோது சிமாஜி அப்பா வேண்டிக்கொண்டபடி கட்டியது வஜ்ரேஸ்வரி கோவில். வசாயிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே, தான்சா ஆற்றுப் பக்கம். அதன் நகாராக்கானா (முரசு மண்டப) வாசல் வசாய்க் கோட்டை வாசலின் அளவிலேயே கட்டப்பட்டது என்பார்கள். பக்கத்திலேயே அக்லோலி, கணேஷ்புரி வெந்நீர் ஊற்றுகள். கணேஷ்புரியில் சமாதியான நித்யானந்தர் காஞ்ஞங்காட்டில் ஆசிரமம் அமைத்துவிட்டு வடக்கே வந்தவர், 1961-இல் மறைந்தார். கோட்டையையும் இதையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறையாகும். இதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள்.

மராட்டியர் காலத்தில் பாஜிபூர், பிறகு பசீன். 1780-இல் ஆங்கிலேயர் பிடித்து, சால்பாய் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசி அடி 1802-இல். மராட்டியத் தலைவர்களில் ஒருவரான ஹோல்கரிடம் புனேயில் தோற்று ஓடிவந்த பேஷ்வா இரண்டாம் பாஜிராவ், டிசம்பர் 31 அன்று இங்கே ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்து, அவர்களின் படையைத் தன் செலவில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். மற்ற மராட்டியத் தலைவர்களான சிந்தியாவும் போன்ஸ்லேயும் அதை ஏற்காததால் அடுத்த ஆண்டே போர். அண்ணன் தம்பியாக மராட்டியர் ஜெயித்த அதே ஊரில்தான் பேஷ்வாவின் சுதந்திரம் கையெழுத்தாகப் போனது.

வசாயில் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொருவர் கொன்சாலோ கார்சியா. போர்த்துகீசியத் தகப்பனுக்கும் உள்ளூர்த் தாய்க்கும் இங்கே பிறந்து, ஜப்பானுக்குப் போய், 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் சிலுவையில் கொல்லப்பட்ட 26 பேரில் ஒருவர். 1862-இல் புனிதர் பட்டம். இந்தியாவில் பிறந்தவர்களில் முதல் புனிதர் இவர். நம் குமரி மாவட்டத்துத் தேவசகாயம் பிள்ளைக்கு அந்தப் பட்டம் 2022-இல்தான் வந்தது.

இனி நாலாசோபாரா. வசாய் ரோடுக்கு அடுத்த ஸ்டேஷன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் தெரியும் இரைச்சலைப் பார்த்தால் அசோகன் காலத்துத் துறைமுகம் இது என்று யாரும் நம்ப மாட்டார்கள். அன்றைக்கு சூர்ப்பாரகம், கிரேக்க மாலுமிகளின் குறிப்பில் சுப்பாரா. 1882-இல் தொல்லியல் அறிஞர் பகவான்லால் இந்திராஜி இங்கே ஒரு மண்மேட்டைத் தோண்டினார். ஊர்க்காரர்களுக்கு அது புருட் ராஜாவின் கோட்டை. உள்ளே பௌத்த ஸ்தூபி. நடுவில் கல்பேழை, அதற்குள் செம்பு, வெள்ளி, கல், பளிங்கு, பொன் என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சிமிழ்கள், பொற்பூக்கள், புத்தரின் திருவோடு என்று போற்றப்பட்ட ஓட்டுத் துண்டுகள், சுற்றிலும் வெண்கலப் புத்தர் சிலைகள். கூடவே யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் வெள்ளிக் காசு ஒன்று. சாதவாகனர் உருவம் பொறித்த இந்த வகைக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் ஒரு திராவிட மொழி. அதைத் தமிழ் என்றே படித்த அறிஞர்கள் உண்டு. மும்பையில் தமிழின் தடம் எப்போது தொடங்குகிறது என்று தாராவியிலும் மாட்டுங்காவிலும் பேசுகிறவர்கள் ஒருமுறை இந்த மேட்டுக்கு வந்துவிட்டுப் பேசலாம்.

அதே 1882-இல் பட்டேலா குளத்தருகே அசோகனின் எட்டாம் பாறைச் சாசனத்தின் துண்டு கிடைத்தது. வேட்டை உலாக்களை விட்டுவிட்டுத் தரும யாத்திரை தொடங்கியதைச் சொல்லும் சாசனம் அது. 1956-இல் புய்காவ் கிராமத்தில் ஒன்பதாம் சாசனத்தின் துண்டு. ஆக, பாறைச் சாசனத் தொகுதி முழுவதும் இங்கே செதுக்கியிருக்க வேண்டும். மற்ற ஊர்களில் கிடைத்த இரண்டாம் சாசனத்தில்தான் சோழ, பாண்டிய, சத்தியபுத்திர, கேரளபுத்திரர் பெயர்கள் வருகின்றன. சோபாராவின் அந்தக் கல் எந்த வீட்டு அஸ்திவாரத்தில் போனதோ!

இங்கே ஏமாற்றம் வராமல் இருக்க ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்தூபி இருக்கும் இடத்தில் இப்போது வேலி, செங்கல் மேடு, மரநிழல் மட்டும். சிமிழ்கள் தென்மும்பை ஃபோர்ட் பகுதி டவுன் ஹாலில் உள்ள ஏசியாட்டிக் சொசைட்டி வசம். கல்வெட்டைப் பார்க்க காலா கோடா பக்கத்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் போக வேண்டும். அதை முதலில் பார்த்துவிட்டு சோபாரா வந்தால் மேடு பேசும். ஸ்தூபிக்கு ஸ்டேஷனின் மேற்குப் பக்கத்திலிருந்து ஆட்டோவில் போகும்போது ‘பௌத்த ஸ்தூப்’ என்று கேளுங்கள். அதே சுற்றில் சக்ரேஸ்வர் கோவிலையும் பாருங்கள். குளக்கரைக் கோவில், ஊரில் கிடைத்த பழைய சிற்பங்களும், ஆளுயரப் பிரம்மா சிலையும் அங்கே இருக்கின்றன.

கோட்டையையும் ஸ்தூபியையும் விட வசாயில் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் தண்ணீர் ஏற்பாடு. ரயில்பாதைக்கு மேற்கே கிரிஸ், நிர்மல், காஸ், புய்காவ், ஆகாஷி என்று போகும் சாலையில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தாலே போதும். கான்கிரீட் குறைந்து வாழைத்தோப்பு, வெற்றிலைத் தோட்டம், மல்லிகைப் பாத்தி என்று நிலம் மாறும். தாதர் பூ மார்க்கெட்டில் காலையில் நாம் வாங்கும் பூவில் ஒரு பங்கு இங்கிருந்து முதல் வண்டிகளில் கூடையோடு ஏறிப் போனது. கடலை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் இவ்வளவு நல்ல தண்ணீர் எப்படி?

மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் நன்னீராக மிதந்து தங்குகிறது. நன்னீர் லேசானது, உப்புநீர் கனமானது. சீக்கிரம் கலக்காது. இந்த மேலடுக்கை நிரப்புவதற்காகத் தோட்டத்துக்குத் தோட்டம் பாவ்கல் என்ற குளம் வெட்டியிருந்தார்கள். நம்மூர் ஊருணிக்குப் படித்துறை, கல்கட்டு எல்லாம் உண்டு. பாவ்கலுக்கு ஒன்றும் கிடையாது, வெறும் மண்கரை. மழைநீர் அதில் நின்று மெல்ல இறங்கும். கோடையில் அதிலிருந்தே பாய்ச்சலாம். பக்கத்துக் கிணறுகளில் மாட்டைப் பூட்டிச் சுற்றும் ராட்டினம் இறைத்த வரைக்கும் எடுக்கும் அளவுக்கு ஓர் எல்லை இருந்தது. மோட்டார் வந்தது, பிறகு கட்டடங்களுக்குத் தண்ணீர் விற்கும் டேங்கர் வந்தது. மேலடுக்கு இறங்க இறங்க, கீழிருந்து உப்புநீர் பல மடங்கு மேலே ஏறும். ஓர் அடி நன்னீர் குறைந்தால் உப்பு எல்லை அதற்கு ஈடாகப் பல அடி உயரும். ஒருமுறை உப்பேறிய கிணறு ஒரு மழையில் தெளியாது. வெற்றிலைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். இலை ஓரம் கருகும்.

1980-களின் கடைசியில் இங்கே கட்டட அனுமதி தாராளமானபோது ‘ஹரித் வசாய்’ என்று ஓர் இயக்கம் எழுந்தது. முன்னின்றவர் பாதிரியார் பிரான்சிஸ் திப்ரிட்டோ. மராத்தி எழுத்தாளர், சாகித்திய அகாதமி விருது பெற்றவர், 2024-இல் காலமானார். இயக்கம் எதையும் முழுசாகத் தடுக்கவில்லை, ஆனால் மேற்குக் கிராமங்களில் இன்று பச்சை மிஞ்சியிருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. 2009-இல் நான்கு நகராட்சிகளையும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களையும் சேர்த்து வசாய்–விரார் மாநகராட்சி ஆனது. பல கிராமங்கள் வெளியே இருக்கவே விரும்பின. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சியின் மக்கள்தொகை 12 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பாவ்கல்களில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடியதும், கழிமுகத்துக்கு நீர் ஓடும் உப்பளத் தாழ்வுகளை மேடாக்கியதும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை 2018 ஜூலை வெள்ளம் காட்டியது. நாலாசோபாராவில் தண்டவாளம் முங்கி வண்டிகள் நின்றன. வீடு பார்க்க வருபவர்கள் ஜூலையில் ஒரு பெருமழைக்கு மறுநாள் வந்து பார்ப்பது, எந்தப் புரோக்கர் சொல்வதையும் விட நம்பகமானது. தரைத்தளச் சுவரில் ஈரக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது, குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, டேங்கர் செலவு மாதப் பராமரிப்புத் தொகைக்குள் அடங்குமா தனியா, இந்த மூன்றையும் சொசைட்டிக் காவலாளியிடமே கேட்டுவிடலாம்.

விராரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மும்பை வெஸ்டர்ன் லைனின் புறநகர் ரயில் 1867 ஏப்ரலில் விராரிலிருந்துதான் பேக்பே வரை ஓடத் தொடங்கியது. கிழக்கே மலைமேல் ஜீவ்தானி அம்மன். 1300-க்கும் மேற்பட்ட படிகள். ரோப்வேயும் உண்டு. நவராத்திரியில் படியே கூட்டத்தில் நகராது. சாதாரணச் செவ்வாய் அதிகாலை தேவலை. மேற்கே அர்னாலா கடற்கரை, எதிரே தீவில் 1737-இல் மராட்டியர் கட்டிய கோட்டை. வாசலுக்கு மேல் பாஜிராவ் பெயரோடு கல்வெட்டு. படகு ஐந்து நிமிஷம்தான், ஆனால் ஓதம் வற்றியிருந்தால் முழங்கால் சேற்றில் நடந்துதான் ஏறி இறங்க வேண்டும். தோல் செருப்பு வேண்டாம். வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் படகை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

ஆகாஷி பக்கம் போனால் சுகேலி கேளுங்கள். ராஜேலி வாழைப்பழத்தை, அது நம் நேந்திரத்தின் உறவு, தோலுரித்துப் பாய்மேல் பரப்பி வெயிலில் சுமார் ஒரு வாரம் புரட்டிப் புரட்டிக் காயவைத்த வற்றல். சர்க்கரை எதுவும் சேர்ப்பதில்லை. மாலையானதும் மூடிவைக்காவிட்டால் பனி இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதனால் மழை முடிந்த பிறகுதான் நல்ல சரக்கு வரும். வாங்கும்போது ஒன்றை வளைத்துப் பாருங்கள். மெழுகு போல வளைந்து, உள்ளே தேன்நிறமாக இருந்தால் சரி. படக்கென்று முறிந்தால் போன பருவத்து மிச்சம்; மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் முகர்ந்து பாருங்கள், புளிப்பு வாடை வந்தால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.